நன்கொடை கேட்கும் முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் தெருவில் தையல் வேலை பார்க்கும் ஒருவரின் மருந்துச் செலவுக்கு உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நானும் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். பிறகு நேரில் போனபோது அவருடைய மனைவி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை கொடுத்து ஒரு அட்டையை இருபது நாள் ஓட்டுவதாகச் சொன்னார். அவருக்கு இருப்பது நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய். நாள் தவறாமல் சாப்பிட்டால்தான் அது கட்டுக்குள் இருக்கும்.

மருத்துவர் எழுதிய சீட்டில் இருந்தது நிறுவனம் வைத்த வணிகப் பெயர் மட்டுமே. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இமாடினிப் 400 மி.கி. என்று மருந்தின் மூலப்பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி வேறு இரண்டு கடைகளில் விசாரித்தபோது, அதே மருந்தின் விலை பாதிக்கும் கீழே இருந்தது. மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே மாற்றினோம். இதை அவர் முதல் நாளே எழுதியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த மலிவு தானாக வந்துவிடவில்லை. கிளிவெக் என்ற பெயரில் சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் விற்ற இதே மருந்து ஒரு காலத்தில் மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்களின் மாத்திரையோ பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. வேறு யாரும் இதைத் தயாரிக்க முடியாதபடி நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. புற்றுநோயாளிகளுக்கான அமைப்பு ஒன்றும் எதிர்த்து நின்ற அந்த விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து, பலன் கூடியதாகக் காட்டாமலே புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவின்படி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

நோவார்ட்டிஸ் ஏராளமான நோயாளிகளுக்கு இதை இலவசமாகவும் கொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் மனம் வைக்கும் வரைக்கும்தான். விலை இறங்கினால் எவரிடமும் வருமானச் சான்றிதழை நீட்ட வேண்டியதில்லை. காப்புரிமை உள்ள மருந்தை, உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் வேறு நிறுவனம் தயாரிக்க அரசு அனுமதிப்பதே கட்டாய உரிமம். 2012இல் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு இந்தியாவின் நாட்கோ நிறுவனம் அதைப் பெற்றபோது, மாதம் 2.8 லட்சமாக இருந்த விலை 8,800 ரூபாய்க்கு இறங்கியதோடு, ஆண்டுக்குக் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அதற்குப் பிறகு அப்படி ஓர் உரிமம் வழங்க அரசு ஏன் இவ்வளவு தயங்குகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆகவே அடுத்த முறை உதவி கேட்டுச் செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவிலும், முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ஆகியவற்றிலும் விசாரியுங்கள். அங்கெல்லாம் இல்லாவிட்டால் பணம் திரட்டுவோம்.

எங்களுக்கு வந்து சேர்ந்த தொகையை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் எடுத்து வைத்திருக்கிறோம். இரண்டு பரிசோதனைக்கு வரும்.