இலை உதிர்ந்த காடு செத்த காடு அல்ல

2017 செப்டம்பரில் ஃபுளோரிடாவைத் தாக்கிய இர்மா சூறாவளிக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களைக் காட்டி, “அலையாத்திக் காடு முழுவதும் அழிந்தது; கரைக்கு இனி அரண் இல்லை” என்றொரு செய்தி பரவுகிறது. படத்திலுள்ள பழுப்பு நிறம் உண்மை, முடிவு தவறு.

இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்புக் கதிரை எதிரொளிப்பதைக் கொண்டே, இத்தகைய படங்களில் இலைப்பசுமையை அளக்கும் பசுமைக் குறியீடு கணக்கிடப்படுவதால், காற்று இலைகளை உருவிய உடனேயே அது சரிந்துவிடும். மரம் உயிரோடு இருக்கிறதா என்பதை அந்த ஒரு படம் சொல்லாது. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி, மர உச்சிகளின் கூரை போன்ற கவிகையின் உயரத்தைப் புயலுக்கு முன்னும் பின்னும் அளந்த ஆய்வு, தென்மேற்கு ஃபுளோரிடாவின் அலையாத்திகளில் 62 சதவீதத்துக்குக் கவிகைச் சேதம் ஏற்பட்டதாகக் கண்டது. அதுவே சிறிய சேதமல்ல. ஆனால், மாதக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது பல இடங்கள் மீண்டும் துளிர்த்தன. முற்றிலும் பட்டுப்போனது ஏறத்தாழ 10,760 ஹெக்டேர். அதற்கும் காற்றைவிட, பள்ளங்களில் வடியாமல் தேங்கி வேர்களின் மூச்சை அடைத்த கடல்நீரே முக்கியக் காரணம்.

கரை அரண் பற்றிய கூற்றும் நிற்காது: இலையின்றி நிற்கும் தண்டுகளும் முட்டு வேர்களும் அலையின் வேகத்தைத் தொடர்ந்து தணிக்கும், இலை திரும்பும்வரை கரியமில வாயுவை உறிஞ்சும் அளவு குறையும்.