கொலைக்கு லாயக்கில்லாத ஊர்

(அத்தை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாகக் கார்த்தி.)

கார்த்தி: நாவலுக்கு இடம் பிடிச்சாச்சு அத்தை. ஆஸ்திரேலியாவுல, பாலைவன ஓரம், பேர்ட்ஸ்வில். மொத்தமே சுமார் 100 பேர்தான். கொலையைப் பண்ணிட்டு நைசா நழுவிடலாம்.

அத்தை: எந்தப் பக்கமா?

கார்த்தி: தெற்கே மாரீக்கு. மண் ரோடு, 517 கிலோமீட்டர்.

அத்தை: பெரிய டீசல் வண்டிதான் போகும். 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர்னு வை. எவ்வளவு ஆச்சு?

கார்த்தி: 78 லிட்டர்.

அத்தை: 80 லிட்டர் டேங்க்குன்னா உசிரைக் கையில பிடிச்சுட்டுப் போகணும். ஊர்லயே நிரப்பினா பங்க்காரன் சாட்சி. நிரப்பாமக் கிளம்பினா நடுவுல டீசல் கிடைக்கறது முங்கெரானில மட்டும்தான். வண்டி வராதான்னு நாள் பூரா ரோட்டையே பாத்துட்டிருக்கிறவன், உன் ஆளோட சட்டையில எத்தனை பட்டன் போயிருக்குன்னு கூடச் சொல்லுவான்.

கார்த்தி: கேன்ல எடுத்துட்டுப் போறான்.

அத்தை: ஸ்டெப்னி?

கார்த்தி: ஒண்ணு.

அத்தை: ரெண்டு வேணும்டா. வழி நெடுகக் கூரான கல்லு. டயரோட பக்கவாட்டைக் கிழிச்சிடுச்சுன்னா பஞ்சர் ஒட்டவும் முடியாது. 45 டிகிரி வெயில்ல உன் கொலைகாரன் ஜாக்கியோட நிப்பான். பின்னாடி வர்ற வண்டிக்காரன் நிறுத்தாமப் போகமாட்டான், அங்கெல்லாம் அதுதான் வழக்கம். இறங்கி உதவி பண்ணுவான், முகத்தை நல்லாப் பாத்துப்பான்.

கார்த்தி: சரி, கூட்டாளிக்குப் போன் போட்டு...

அத்தை: ஊரைத் தாண்டினா டவரே கிடையாது. வண்டியில யூஹெச்எஃப் ரேடியோதான். 40ஆம் சேனல்ல லாரிக்காரங்க எல்லாரும் காதைத் தீட்டி வச்சிருப்பாங்க. "சரக்கைப் புதைச்சாச்சு"ன்னு இவன் சொன்னா, நாலு பேர் "எந்த இடத்துல?"ம்பான்.

கார்த்தி: கொலைக்கு லாயக்கே இல்லாத ஊரா இருக்கே! அப்புறம் எதுக்கு இந்த மாதிரி நாவலாத் தேடித் தேடிப் படிக்கறீங்க?

அத்தை: துப்பறியறவனுக்கும் அதே கஷ்டம்தானே! அந்த ஸ்டேஷன்ல வெகுகாலமா ஒரே ஒரு போலீஸ்காரர். மாநிலத் தலைநகர் பிரிஸ்பேன் சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளி. செத்த நேரத்தை எப்படிச் சொல்லுவே?

கார்த்தி: உடம்புச் சூடு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாத்து.

அத்தை: உடம்பு 37, வெளியே 45. எங்கேருந்து குறையும்? தெர்மாமீட்டரைப் பையிலயே வச்சுக்க வேண்டியதுதான். அப்புறம் ஈ எப்ப முட்டை போட்டுது, புழு எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பாக்கணும். சூட்டுல அதுவும் தடதடன்னு வளரும். அன்னன்னிக்கு என்ன வெயில்னு கணக்கு இல்லேன்னா ஒரு நாள் முன்னப்பின்ன ஆயிடும். "நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல"ன்னு தப்பிச்ச மூணு பேரையும் எழுத்தாளன் அந்த ஒரு நாளை வச்சே உள்ள இழுத்துடுவான்.

கார்த்தி: அத்தை... கீரைல புழு இருக்கான்னு பாத்தீங்களா?

அத்தை: பாத்தேன். நேத்து சாயந்திரம் பொரிச்சது. எடுத்துப் போட்டுட்டேன். எழுதிக்கோ, அடுத்தது மழை. நல்லாப் பெஞ்சா மண் ரோட்டை மூடிடுவாங்க, மீறிப் போனா அபராதம். துப்பறியறவனும் கொலைகாரனும் ஊருக்குள்ளயே மாட்டிக்கறாங்க. உக்காந்து சாப்பிட 1884ல தொடங்கின பப் ஒண்ணு. பக்கத்து மேஜையிலேருந்து கொலைகாரன் எழுந்து வந்து துப்பறியறவனுக்கு உப்பு எடுத்துக் குடுக்கணும். அந்த உப்புக்குத்தான்டா நான் படிக்கறேன்! சிட்டின்னா கேமராவைப் பாத்தான், புடிச்சான், முடிஞ்சுது.

கார்த்தி: செப்டம்பர்ல அங்க குதிரைப் பந்தயம். ஆயிரக்கணக்குல கூட்டம் வரும். அப்ப வச்சுக்கட்டுமா?

அத்தை: அத்தனை பேரையும் யார் ஞாபகம் வச்சுக்கறது? எட்டுப் பேர் போதும். வேலித் தகராறு, தண்ணி, வாரிசுச் சண்டை, இதுல ஒண்ணைப் போடு.

கார்த்தி: பொணமே கிடைக்காமப் பண்ணிட்டா?

அத்தை: ஆர்தர் அப்ஃபீல்டுன்னு ஒரு எழுத்தாளர் 1929ல இதையேதான் கேட்டார். முயல் வராமத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவுல 1,833 கிலோமீட்டருக்கு வேலி போட்டிருந்தாங்க, அதுல வேலை அவருக்கு. நாவலுக்கு வேணும்னு கூட இருந்தவங்ககிட்ட யோசனை கேட்டார். ஒருத்தர் பிரமாதமாச் சொன்னார். விஷயம் தெரிஞ்ச இன்னொருத்தன் நிஜமாவே பண்ணிட்டான்.

கார்த்தி: ஐயையோ!

அத்தை: எழுத்தாளரையே சாட்சிக் கூண்டுல ஏத்தினாங்க. 1932ல அவனுக்குத் தூக்கு. சொன்னதை முழுசாச் செய்யாம விட்டிருக்கான், பொணத்தை எரிச்ச சாம்பல்ல கல்யாண மோதிரம் கிடைச்சுடுச்சு. 18 காரட் மோதிரம். நியூசிலாந்துல அதைச் சரிபண்ணப்போ கடைக்காரன் 9 காரட்டை வச்சுப் பத்தவச்சிருக்கான். அதை வச்சுத்தான் செத்தது யாருன்னு அடையாளம் தெரிஞ்சுது.

கார்த்தி: அடடா, அந்தத் தப்பு மட்டும் நடக்கலேன்னா...

அத்தை: என்னடா அடடா? 18ல கொண்டுபோய் 9 வச்சிருக்கான்! அவனை ஒரு வார்த்தை கேட்டாங்களா?

கார்த்தி: அத்தை, அவனாலதான் கொலைகாரனே மாட்டினான்.

அத்தை: மாட்டட்டும். கூலி மட்டும் 18க்குத்தானே வாங்கியிருப்பான்?