'எல்போ' வினைச்சொல் ஆகாதா?

ஆங்கிலத்தில் 'எல்போ' என்பது முழங்கையை மட்டும்தான் குறிக்கும், அதை வினைச்சொல்லாக எழுதுவது சமூக ஊடகங்கள் கிளப்பிவிட்ட புதுப் பிழை என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

'ஹி எல்போட் மீ' என்றால் முழங்கையால் என்னை இடித்தான் என்று பொருள். பிழையில்லாத ஆங்கிலம்தான். பழையதும்கூட. 1608இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில், மகளின் முகத்தில் விழிக்க முடியாமல் மன்னரை அவமானம் 'எல்போ' செய்வதாக ஒரு வரி வருகிறது. அங்கே யாரும் யாரையும் கையால் இடிக்கவில்லை. ஓர் உணர்ச்சி மனிதனைத் தடுத்து நிறுத்துகிறது. நானூறு ஆண்டுக்கு முன்பே இவ்வளவு நுட்பமாகப் புழங்கிய சொல்லைப் பிழை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வருத்தம் தருகிறது.

அதே செய்தி 'எல்போ கிரீஸ்' என்பது மூட்டுவலிக்குத் தடவும் எண்ணெய் என்றும் சொல்கிறது. அதுவும் சரியில்லை. அழுத்தித் தேய்த்துச் செய்யும் கடின உழைப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் 1672லேயே இதை எழுதியிருக்கிறார். இந்தப் பெயரில் துப்புரவுப் பொருள்கள் விற்பனைக்கு வந்தது பிற்பாடுதான்.

அப்புறம், 'எல்போ ரூம்' என்றால் தாராளமாக அசைய இடம். பிரிட்டன் பேச்சுவழக்கில் ஒருவருக்கு 'தி எல்போ' கொடுப்பது அவரைக் கழற்றிவிடுவது. காதலிலும் நடக்கும், வேலையிலும் நடக்கும். குழாய் வேலையில் வளைவான இணைப்புத் துண்டுக்கும் எல்போ என்றே பெயர்.