ரூபாயாக மாற்றிவிட்டால் ஒப்பீடு ஆகிவிடுமா?
மனிதவளத் துறையினரின் சம்பளத்தை நாடுவாரியாக ரூபாயில் மாற்றி வரிசைப்படுத்தியிருக்கிறது உங்கள் கட்டுரை. வேலை தேடும் இளைஞர்களை இது தவறான முடிவுக்குத் தள்ளும் என்று அஞ்சுகிறேன்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் 2023 மே மாதக் கணக்குப்படி மனிதவள வல்லுநரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் மீதிப் பேர் இதற்குக் கீழும் பெறும் தொகை) 67,650 டாலர். இது வரி பிடிப்பதற்கு முந்தைய ஊதியம் சார்ந்த கணக்கு. நிறுவனம் கட்டும் காப்பீட்டுப் பங்கு இதில் சேராது. நம் ஊரில் 'சிடிசி' (ஓர் ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று சொல்லும் தொகைக்குள்ளோ நிறுவனத்தின் வருங்கால வைப்பு நிதிப் பங்கும், பல இடங்களில் பணிக்கொடையும்கூட அடங்கிவிடுகின்றன. இரண்டையும் எப்படி ஒரே வரிசையில் வைப்பது?

சிங்கப்பூரில் 55 வயது வரையிலான குடிமக்களுக்கு நிறுவனம் 17 சதவீதம் மத்திய சேமநிதியைச் சம்பளத்துக்கு மேல் தனியாகச் செலுத்துகிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு வல்லுநர்களுக்கான பணி அனுமதி) போகிற நம்மவருக்கு அது கிடையாது. துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

பிற நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சியில் ஆளெடுப்பவரையும் நிறுவனத்துக்குள் இருக்கும் மனிதவள அலுவலரையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் கட்டுரையின் பெரிய குறை. முன்னவருக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு, வருமானம் கமிஷனைப் பொறுத்தது. ஆளெடுப்பு நின்றால் முதலில் வேலை இழப்பவரும் அவரே. இவ்விருவருக்கும் தனித்தனி அட்டவணை வெளியிடுங்கள்.