சீட்டு இருக்கிறது, பணம் இருக்கிறது, மாத்திரை மட்டும் கிடையாது

வெளிநாட்டில் மாத்திரை தீர்ந்தால் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு தடவை போய் வாங்கிப் பாருங்கள், தெரியும்.

எனக்கு வலிப்பு நோய். காலையும் இரவும் லெவெடிராசிட்டம். வருடக்கணக்காக அதே மாத்திரை, அதே டோஸ். அது போதை மருந்தும் இல்லை, தூக்க மாத்திரையும் இல்லை. போன இடத்தில் புயல் அடித்து விமானம் ரத்தாகி, திரும்பும் தேதி தள்ளிக்கொண்டே போனது. உபரியாக எடுத்துப்போன அட்டையும் கரைந்துகொண்டே வந்தது. சரி, மருத்துவர் எழுதிய சீட்டு கையில் இருக்கிறது, பாதி காலியான அட்டை இருக்கிறது, பணம் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கடைக்குப் போனேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் அதே மருந்து, அதே 500 மில்லிகிராம், வேறு கம்பெனிப் பெட்டியில், என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. "இந்த நாட்டு மருத்துவர் எழுதித் தந்தால்தான் கொடுக்க முடியும்." கிளினிக்குக்குப் போனால், வலிப்புக்கெல்லாம் இங்கே எழுத மாட்டோம், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள். அவரிடம் போக முதலில் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டுமாம். அப்புறம் புது நோயாளி என்பதால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். எமர்ஜென்சியில் கேட்டால், "இப்போது வலிப்பு வந்திருக்கிறதா?" இல்லை. "அப்படியானால் இது அவசரம் இல்லை." வந்தால்தான் அவசரமாம்! வராமல் இருக்கத்தானே மாத்திரை கேட்கிறேன்?

கடைசியில் ஒரு தனியார் மருத்துவர் கிடைத்தார். என் அட்டையில் இருந்த பெயரை அப்படியே பார்த்து எழுதினார். இரண்டு நிமிட வேலை. அதற்கு அவர் வாங்கிய கட்டணம் மாத்திரை விலையைப்போலப் பல மடங்கு. அதே கடை, அதே ஆள், அதே அலமாரி, அதே பெட்டி. எடுத்துக் கொடுத்துவிட்டு, "இந்த மருந்து முன்னால் சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார் பாருங்கள்.

பணத்தையாவது திரும்ப வாங்கலாம் என்று பயணக் காப்பீட்டில் கேட்டேன். ஏற்கெனவே இருந்த நோய், அதற்குக் கிடையாது என்று ஒரே வரியில் பதில். பயணத்துக்கு முன்னாலேயே தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எல்லா நோயும் ஏற்கெனவே இருந்த நோய்தான்.

இதில் இருக்கிற ஆபத்து இவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம்; அது உயிரையே எடுத்துவிடும். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தருகிற பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். முதல் வகை நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் அடியோடு நின்றால், ஒன்றிரண்டு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி ஐசியூவில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கும். அப்போது மட்டும் எந்த நாட்டுச் சீட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: "கூடுதலாக எடுத்துப் போயிருக்கலாமே." எங்கே தருகிறார்கள்? பல இடங்களில் காப்பீட்டுக் கணக்கில் ஒரு தடவைக்கு 30 நாள் மருந்துதான். எப்படியோ கெஞ்சி அதிகம் வாங்கிவிட்டால் சுங்கம் நிற்கிறது. ஜப்பானுக்குச் சீட்டு மருந்து ஒரு மாத அளவுக்கு மேல் எடுத்துப்போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் டிரமடால், கோடீன் போன்ற போதை தரக்கூடிய வலி மருந்துகளுக்கு, அளவு எவ்வளவாக இருந்தாலும், புறப்படும் முன்பே ஒப்புதல் வேண்டும். போதை தரும் மருந்துக்குக் கெடுபிடி இருக்கட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. இன்சுலினுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் எதற்கு அதே பார்வை?

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். பிராண்டு பெயரை நம்ப முடியாது. ஃபுளோமேக்ஸ் என்று அமெரிக்காவில் கேட்டால் புராஸ்டேட் தொந்தரவுக்கான மருந்து. இத்தாலியில் அதே பெயரில் விற்றது வீக்கத்துக்கான வேறு மருந்து. ஆனால் இதைத் தீர்க்கத்தானே உலக சுகாதார நிறுவனம் மருந்துகளுக்கு ஒரே பொதுப்பெயர் வைக்கும் ஏற்பாட்டை 1950களிலேயே கொண்டுவந்தது? என் அட்டையில் அந்தப் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது, அவர் பெட்டியிலும் அதேதான்.

வெளிநாட்டுச் சீட்டுக்கு மருந்து கொடுக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் உறுப்பு நாட்டு மருத்துவர் எழுதிய சீட்டு மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். 2011இலேயே விதி போட்டுவிட்டார்கள். பிரிட்டனில் அவசரம் என்றால் சீட்டு இல்லாமலே மருந்தாளர் மருந்து தரலாம், பல மருந்துகளுக்கு 30 நாள் வரைகூட. அதுவும் முன்பு அந்த நாட்டிலோ ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலோ சுவிட்சர்லாந்திலோ ஒரு மருத்துவர் எழுதியிருந்தால்தான். மற்ற நாட்டுக்காரன் நரம்பு வேறு மாதிரி ஓடுகிறதா என்ன?

நான் கேட்பது ஒரு வார மாத்திரை. அட்டையையும் பழைய சீட்டையும் பாஸ்போர்ட்டையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் என் மருத்துவருக்குப் போன் போடுங்கள், விலையை இரண்டு மடங்காகக்கூட வாங்குங்கள். கட்டுப்பாட்டு மருந்து இல்லாத எதற்கும் இதைச் செய்ய ஒரு பக்கச் சட்டத் திருத்தம் போதும். அதைச் செய்யாமல், மாத்திரை கேட்டு நிற்கிறவனைக் கடத்தல்காரனைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?