ஸ்டேஜைத் தூக்குவதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லுங்கள்

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே என்ற சண்டை வீடியோ கேம், அதில் டெம்பிள் என்ற ஸ்டேஜ், அதாவது களம். என் சித்தி மகன் எடுத்த கேரக்டர் ஃபாக்ஸ், நான் கானன்டார்ஃப். ஆளுக்கு நாலு ஸ்டாக் (உயிர்), எட்டு நிமிடம். முதல் நிமிடத்திலேயே என் ஒரு ஸ்டாக்கை எடுத்துவிட்டான். அதோடு சண்டை முடிந்தது. மீதி ஏழு நிமிடமும் அவன் ஓடினான், நான் துரத்தினேன். அந்த ஸ்டேஜில் வட்டமாகச் சுற்றி வர ஒரு பாதை இருக்கிறது. நான் மேலே ஏறினால் அவன் கீழே குதிப்பான். நான் கீழே போனால் அவன் அந்தப் பக்கமாக ஏறி மேலே வந்திருப்பான். ஃபாக்ஸின் கால் வேகத்துக்கு கானன்டார்ஃப் ஈடாகவே முடியாது. நேரம் முடிந்தது, ஸ்டாக் கணக்கில் அவன் ஜெயித்தான். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஜெயிக்க எளிய வழி எதுவோ அதைச் செய்தான்.

மெலே ஆடுபவர்களிடம் போட்டிகளில் டெம்பிள் ஏன் தடை என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். 2001-ல் கேம்க்யூபுக்கு வந்த ஆட்டம், மொத்தம் 29 ஸ்டேஜ். இன்று போட்டிகளில் இருப்பது ஆறே ஆறு: பேட்டில்ஃபீல்ட், ஃபைனல் டெஸ்டினேஷன், யோஷிஸ் ஸ்டோரி, ஃபவுன்டன் ஆஃப் ட்ரீம்ஸ், ட்ரீம் லேண்ட், போக்கிமான் ஸ்டேடியம். 23 ஸ்டேஜ் வெளியே நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் வெளியே போனது நியாயம்தான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் சமீப காலமாக இந்தப் பட்டியலைப் பற்றிப் பேசும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுபவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. அங்கே தரை எல்லா ஸ்டேஜிலும் ஒன்றுதான், மாறுவது பின்னால் தெரியும் படம். டெக்கனில் சுவர் உண்டு, உடையும் தரை உண்டு, ஆனால் போட்டியில் ஸ்டேஜ் பெரும்பாலும் ராண்டமாக விழும், விழுந்ததில் ஆட வேண்டியதுதான். ஸ்மாஷ் அப்படி இல்லை. இங்கே உயிர்க்கோடு காலியாகி யாரும் சாவதில்லை. அடி வாங்க வாங்க சதவீதம் ஏறும், ஏற ஏற தூரமாகப் பறப்போம், திரையின் எல்லையைத் தாண்டினால் ஒரு ஸ்டாக் போகும். அந்த எல்லை எவ்வளவு தள்ளி இருக்கிறது, தரைக்கு மேலே ஏறி நிற்க மிதக்கும் மேடை இருக்கிறதா, பிடித்துத் தொங்க விளிம்பு இருக்கிறதா என்பதெல்லாம் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறும். ஸ்மாஷில் ஸ்டேஜ் என்பது களத்தில் இறங்கும் மூன்றாவது ஆள் மாதிரி.

தடைக்கு எனக்குத் தெரிந்து அசைக்க முடியாத காரணங்கள் மூன்று. ஒன்று, டெம்பிள் மாதிரி சுற்றி ஓடும் வசதி. இரண்டாவது, சுவர். எதிராளியைச் சுவரோடு சேர்த்துவிட்டால் ஃபாக்ஸ் ஷைன் என்ற தன் அடியை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கலாம். வாங்குபவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம், ஏனென்றால் அவர் எதை அழுத்தினாலும் பயன் இல்லை. மூன்றாவது, தரை திரையின் ஓரம் வரை நீளும் ஸ்டேஜ்கள். ஓரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் காத்திருந்து, வருபவரைப் பிடித்து ஒரே எறி எறிந்தால் போதும், பூஜ்யம் சதவீதத்தில்கூட ஸ்டாக் போய்விடும். இந்த மூன்றிலும் அடி வாங்குபவரின் கைக்கு வேலையே இல்லை. அங்கே ஆட்டம் உடைந்துவிடுகிறது. தடை செய்யுங்கள், முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பிரின்ஸ்டார்? கீழிருந்து அமிலம் ஏறும். ஏறுவது கண்ணுக்குத் தெரியும், மேலே குதித்துத் தப்பலாம். ரெயின்போ க்ரூஸ்? ஸ்டேஜே நகர்ந்துகொண்டிருக்கும், கூடவே போக வேண்டும். இரண்டும் முன்பு பெரிய போட்டிகளில் கவுண்டர்பிக்காக, அதாவது ஒரு ஆட்டம் தோற்றவர் அடுத்ததற்குத் தேர்ந்தெடுக்கும் ஸ்டேஜாக இருந்தவை. 2010-களின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிரின்ஸ்டாரில் பீச்சுக்கும் ஜிக்லிபஃபுக்கும் கொண்டாட்டம், ஃபாக்ஸும் ஃபால்கோவும் திண்டாடும். அது உண்மை. அதனால் நீக்கினோம் என்று சொன்னால் வாதமாவது செய்யலாம். ஆனால் ஃபைனல் டெஸ்டினேஷனில் மேடையே கிடையாது. அங்கே மார்த் ஒருமுறை ஃபாக்ஸைப் பிடித்துவிட்டால் எறிந்து, மறுபடி பிடித்து, மறுபடி எறிந்து, சதவீதத்தை எங்கேயோ கொண்டுபோய்விடுவான். அதை யாரும் தடை செய்யவில்லை. ஃபாக்ஸ் ஆடுபவர்கள் அதை ஸ்ட்ரைக் செய்து, அதாவது ஆட்டத்துக்கு முன்பே வெட்டிவிட்டு, சமாளிக்கிறார்கள்.

அந்த ஸ்ட்ரைக் முறை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். முதல் ஆட்டத்துக்கு ஐந்து ஸ்டேஜ். கல்-காகிதம்-கத்தரிக்கோல் போட்டு ஜெயித்தவர் ஒன்றை வெட்டுவார், அடுத்தவர் இரண்டை வெட்டுவார், மீதி இரண்டில் முதலாமவர் ஒன்றை வெட்டினால் நிற்பதுதான் களம். அதற்கப்புறம் தோற்றவர் அடுத்த ஸ்டேஜைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்று ஆட்ட செட் என்றால் ஜெயித்தவர் அதற்கு முன் ஒன்றைத் தடுக்கலாம். தான் ஏற்கெனவே ஜெயித்த ஸ்டேஜையே மறுபடி கேட்கக் கூடாது என்ற விதியும் பெரும்பாலும் உண்டு. ஒரு அடி அடிப்பதற்கு முன்னாலேயே எதிராளியைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கேரக்டருக்குச் சாதகமான ஸ்டேஜ் இருப்பது குறை என்றால் இந்த முறைக்கே வேலை இல்லை.

சரி, இப்போது எனக்கு எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். உறைய வைத்த ஸ்டேடியம்.

போக்கிமான் ஸ்டேடியம் நடுநடுவே உருமாறும். நெருப்பு, நீர், புல், பாறை. பாறை வடிவம் வந்தால் மறைந்து நிற்க இடம் கிடைக்கும். நிறைய செட்டுகளில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுங்கி, அது பழையபடி ஆகும்வரை சும்மா நிற்பார்கள். பார்ப்பவர்களுக்கு அலுப்பு. அதனால் ஆட்டத்தின் நிரலை மாற்றி உருமாற்றத்தையே நிறுத்திவிட்டார்கள். 2020-ல் மெலேயை ஆன்லைனில் ஆட ஸ்லிப்பி என்ற மென்பொருள் வந்து எல்லோரும் ஆன்லைனில் ஆடத் தொடங்கியபின் உறைந்த ஸ்டேடியமே பலருக்குப் பழகிவிட்டது. நல்லதுதானே என்கிறார்கள் நண்பர்கள்.

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. தடை என்பது இருப்பதில் இருந்து தேர்ந்தெடுப்பது. உறைய வைப்பது ஆட்டத்தையே திருத்துவது. இங்கே திருத்தலாம் என்றால் ட்ரீம் லேண்டில் அந்த மரம் ஊதும் காற்றை எதற்கு விட்டுவைக்க வேண்டும்? ஃபவுன்டன் ஆஃப் ட்ரீம்ஸில் ஏறி இறங்கும் மேடைகளை ஏன் ஒரே உயரத்தில் நிறுத்தக் கூடாது? இப்படிப் போனால் கடைசியில் ஆறு ஸ்டேஜும் ஆறு நிறம் பூசிய பேட்டில்ஃபீல்டாக நிற்கும்.

யோஷிஸ் ஸ்டோரியில் ராண்டல் என்று ஒரு மேகம் இருக்கிறது. ஸ்டேஜைச் சுற்றி 20 விநாடிக்கு ஒரு சுற்று வரும். மேலே ஓடும் கடிகாரத்தைப் பார்த்தால் அது இப்போது எங்கே இருக்கும் என்று தெரியும். மெலேயில் எனக்கு ஒரே ஒரு காட்சியைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்: கடைசி ஸ்டாக், வெளியே தூக்கி எறியப்பட்டவர் விளிம்புக்கு எட்ட மாட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டிய நேரம், அவர் கால் மேகத்தில் பதிகிறது. அதிர்ஷ்டம் என்று பார்ப்பவர் நினைக்கலாம். அவர் கீழே விழுந்துகொண்டிருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தவர். ஸ்டேஜைப் படிப்பதும் திறமைதான். அந்த மேகத்தையும் ஒருநாள் யாராவது தொந்தரவு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

இதே வரிசையில் பின்னால் வந்த அல்டிமேட்டில் நிலைமை வேறு. 2018-ல் அது வந்தபோதே நூற்றுக்கும் மேல் ஸ்டேஜ், ஸ்டேஜின் ஆபத்துகளை அணைத்துவைக்கும் வசதியும் ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2020-ல் ஸ்மால் பேட்டில்ஃபீல்ட் என்ற ஸ்டேஜை அப்டேட்டில் சேர்த்தார்கள், போட்டிகளில் உடனே இடம்பிடித்தது. ஆட்டத்தைச் செய்தவர்களே கொடுத்த வசதியைப் பயன்படுத்துவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

யார் முடிவு செய்வது என்பதிலும் நமக்கு அனுபவம் உண்டு. 2008-ல் எவோ என்ற பெரிய சண்டை ஆட்டப் போட்டி, மெலேக்கு அடுத்து வந்த பிராலை ஐட்டங்களோடு (ஆட்டத்தின் நடுவே விழும் ஆயுதங்கள் மாதிரியான பொருட்களோடு) நடத்தியது. ஸ்மாஷ் ஆடுபவர்கள் வருடக்கணக்காகப் போட்டிகளில் ஐட்டங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள், அந்தக் காரணங்கள் அங்கே எடுபடவில்லை. எவ்வளவு சண்டை! 2013-ல் எவோவில் இடம் பிடிப்பதற்கான நன்கொடைப் போட்டியில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டி, 94,000 டாலருக்கு மேல் கொடுத்து, மெலேயை எவோவுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் இதே ஆட்டக்காரர்கள். விதி எழுதும் உரிமையை இப்படிச் சம்பாதித்தவர்கள், அதை எரிச்சலில் பயன்படுத்தக் கூடாது.

போன வருடம் ஒரு சின்ன ஆன்லைன் போட்டிக்குப் பணம் கட்டிச் சேர்ந்தேன். இரண்டு வாரம் ஒரு கவுண்டர்பிக்கை மனதில் வைத்துப் பயிற்சி செய்தேன். முந்தின இரவு பட்டியல் மாறியது. ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் கேட்டாங்க" என்று பதில் வந்தது. எல்லாரும் என்றால் யார், என்ன கேட்டார்கள், எதற்காக? ஒரு வரி விளக்கம் இல்லை. அன்றைக்குத் தோற்றதைவிட அந்த பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

எட்டு பேரோ எண்ணூறு பேரோ, போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். பட்டியலை முன்கூட்டியே வெளியிடுங்கள். நீக்கிய ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். அந்தக் காரணம் ஆட்டம் உடைவதாக இருக்கட்டும், அலுப்பாக இருக்கிறது என்பது போதாது.

வேளச்சேரியில் ஒரு நண்பன் வீட்டு ஹாலில் நாங்கள் எட்டு பேர் கூடி ஆடுவதற்கு இப்படி ஒரு தாளை எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். டெம்பிளுக்கு நேராக "சுற்றி ஓடலாம்", ஆனெட் என்ற ஸ்டேஜுக்கு நேராக "சுவர், ஓரம் வரை தரை" என்று இருக்கிறது. பிரின்ஸ்டாருக்கு நேராக இன்னும் காலி இடம்தான், பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்டேடியம் உறையாமல் இருக்கிறது. இந்த ஞாயிறு ஆட்டம். மார்த்தோடு வருகிறவர்கள் வாருங்கள், இப்போதெல்லாம் நான் ஃபாக்ஸ்தான். என் முதல் ஸ்ட்ரைக் ஃபைனல் டெஸ்டினேஷன்.