மொய் நோட்டில் யார் பெயர்?

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் உள்ள கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துப் படங்கள், அதாவது மொய் வாங்குவதற்கென்றே ஊரைக் கூப்பிட்டு வைக்கும் விருந்தின் படங்கள், சமூக வலைத்தளங்களில் வரிசைகட்டி வரும். கூடவே சண்டையும் வரும். வட்டியில்லா வங்கி என்று ஒரு சாரார் கொண்டாடுவார்கள். ஊரைக் கூட்டிக் காசு பறிக்கிற வழக்கம் என்று இன்னொரு சாரார் திட்டுவார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் வீட்டு மொய் நோட்டில் ஒரு பெயருக்கு நேரே பழைய நடை 500, புது நடை 500 என்று இருக்கிறது. நாங்கள் முன்பு செய்த 500ஐத் திருப்பிவிட்டு, மேலே 500 புதிதாகப் போட்டிருக்கிறார். இனி நாங்கள் செய்ய வேண்டும். புது நடை வைக்காமல் பழையதை மட்டும் திருப்பினால், உறவை முடித்துக்கொண்டதாகவே ஊர் எடுத்துக்கொள்ளும்.

கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கினால் திருப்ப வேண்டும். கொடை என்பது இந்த மூன்று கடமைகளால் ஆனது என்று 1925இல் பிரான்சின் சமூகவியல் அறிஞர் மார்செல் மோஸ் எழுதினார். பசிபிக் தீவு மக்களையும் வடமேற்கு அமெரிக்கப் பழங்குடிகளையும் வைத்து அவர் எழுதியது நம் நோட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. அவருடைய தாய்மாமன்தான் சமூகவியல் முன்னோடி எமில் துர்கைம். நமக்கு வெளியே இருந்துகொண்டு நம்மைக் கட்டாயப்படுத்தும் வழக்கங்களை 'சமூக உண்மை' என்றவர். மொய்க்குப் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. ஆனாலும் அப்பா வாங்கியதை மகன் திருப்புகிறான். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயமே போதும்.

அந்தக் கட்டாயம் எல்லார் மேலும் ஒரே கனத்தில் விழுவதில்லை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அப்பா போன பிறகு, 2018இல் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தது. விசேஷ அழைப்புப் பத்திரிகைகள் மட்டும் நிற்கவில்லை. அம்மா தோட்டை அடகு வைத்து மொய் செய்தார். எங்களுக்கு வர வேண்டியது வர, நாங்கள் ஒரு விசேஷம் வைக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து இல்லாத வீட்டுக்கும் போட்ட பணம் திரும்பி வர வழிதான் மொய் விருந்து. ஆனால் பந்தலுக்கும் கிடாய்க்கும் முதலில் கையில் காசு வேண்டுமே! போதாததற்கு, "பொம்பளை பேர்ல பத்திரிகையா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று நோட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர் அம்மா. நோட்டின் அட்டையில் இருப்பதோ அப்பா பெயர்.

வழக்கத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அவசரத்துக்கு ஈடு கேட்காமல் பணம் வரும் வழி கிராமத்தில் வேறு என்ன இருக்கிறது? ஆனால் பெருமை பேசும்போது, போட்டதைத் திரும்ப வாங்க முடியாத வீடுகளையும் சேர்த்துப் பேசுங்கள்.

வருகிற ஆடியில் நாங்கள் விருந்து வைக்கிறோம். பத்திரிகை அம்மா பெயரில்தான் அச்சாகிறது.